கடைசி வளைவில் ஜெசிந்தா மாமி

எங்கள் பள்ளியில் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே கைபேசியைச் சுவரில் தொங்கும் துணிப்பைக்குள் போட்டுவிட வேண்டும். பள்ளி முடிந்த பிறகுதான் திரும்ப எடுக்கலாம். அன்று எடுத்தபோது அம்மாவின் செய்தி இருந்தது: "ஜெசிந்தா மாமி போயிட்டா. நேர மாமா வீட்டை வா." செய்தி காலையிலேயே வந்திருந்தது. நான் ஜெர்மன் வினைச்சொற்கள் எழுதியதும், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாணைக் கடித்ததும், உடற்பயிற்சி வகுப்பில் பந்தைத் தவறவிட்டதும் எல்லாம் மாமி இல்லாத நாளில் நடந்திருக்கின்றன. எனக்குத்தான் தெரியவில்லை.

மாமி எனக்கு இரத்த உறவு அல்ல. நோர்வேயில், புருசெத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடுத்த வாசலில் இருந்தவர். ஊரில் பேசாலையில் பிறந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைக் கோவிலில் தெரியும். சிலருக்கு வேலையிடத்தில் தெரியும். எனக்கு அவரை அதிகம் தெரிந்தது சனிக்கிழமைகளில், ஒரு வான் வண்டியின் பின் இருக்கையிலிருந்து.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமியின் கணவர் அன்ரன் மாமா என்னைக் கூப்பிட்டார். "முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகம் அடிக்கிறம் பிள்ளை. எல்லாரும் தேவாரம் மாதிரி ஒரே மாதிரித்தான் எழுதுவினம். நீ எழுது. நீதானே எங்களோட வந்து திரிஞ்சனி. அவ அண்டைக்கு வெண்டவ எண்டு எழுது. வேற ஒண்டும் வேண்டாம். அது காணும்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மாமி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது வேறு. "நான் வெல்லேல்லை" என்பதுதான் அது. மாமா சொன்னதை எழுதினால் மாமியைப் பொய்யாக்க வேண்டும். மாமி சொன்னதை எழுதினால் மாமாவுக்கு வலிக்கும். இத்தனை நாட்களாக வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாமி கார் ஓட்டப் போட்டிக்காரி. நோர்வேயில் பில்க்ரொஸ் என்று சொல்வார்கள். காட்டோரத்தில், பாதி மண்ணும் பாதி தாருமான ஒரு சிறிய பாதையில், வீதியில் ஓடி முடிந்த பழைய கார்களின் இருக்கைகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு போட்டு ஓட்டுவார்கள். பணக்கார விளையாட்டு அல்ல. ஒரே நேரத்தில் ஆறு கார்கள் ஓடும். மாமி பெண்கள் பிரிவில் ஓடினார். ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவரைச் சீண்டாதவர்கள் இல்லை.

"ஜெசிந்தா, நேற்று எத்தினையாவது?"

"ஆறாவது."

"எத்தினை பேர் ஓடினவை?"

"ஆறு பேர். ஏழு பேர் ஓடியிருந்தா ஏழாவது வந்திருப்பன். என்ர இடத்தை நான் ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கிறேல்லை."

அம்மாவுக்கு வார இறுதிகளில் வேலை. பதின்மூன்று வயதில் நான் தனியே வீட்டில் இருப்பதைப் பார்த்த மாமி ஒருநாள் கதவைத் தட்டினார். "வீட்டுக்குள்ள இருந்து புத்தகத்துக்குள்ள பூந்து கிடக்கப் போறியோ, இல்லை எங்கட வானுக்குள்ள இருந்து பூந்து கிடக்கப் போறியோ? ரெண்டும் ஒண்டுதான். வானுக்குள்ள ரோல்ஸ் இருக்கு." அப்படித்தான் போகத் தொடங்கினேன். எனக்குக் கார்களில் விருப்பம் இல்லை. எஞ்சின் சத்தத்தில் இரண்டு பக்கம்கூட ஒழுங்காக வாசிக்க முடியாது. ஆனால் மாமி சிற்றுண்டியோடு எனக்கு ஒரு வேலையும் வைத்திருந்தார்.

போட்டி விதிகள் ஒரு தடித்த புத்தகம். மாமியின் நோர்வேஜிய மொழி முதியோர் இல்லத்தில் யாரையும் சிரிக்க வைக்கும், சமாதானப்படுத்தும். ஆனால் விதிப்புத்தகத்தின் மொழி வேறு. வழி நெடுக நான் அதை வாசித்து விளக்க வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "சட்டப் புத்தகம் வாசிச்சுச் சந்தோசப்படுற ஒரே பிள்ளை நோர்வேயிலை நீதான்" என்று மாமி சொல்வார்.

அதில் ஒரு விதியை மாமி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். போட்டி முடிந்ததும், உரிமம் உள்ள எந்த ஓட்டுநரும் அன்று ஓடிய எந்தக் காரையும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் கார்களுக்கும் ஒரே விலை. அது விதியிலேயே இருக்கிறது. சொந்தக்காரர் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அவருடைய உரிமம் போய்விடும்.

"எவ்வளவு கெட்டித்தனமான சட்டம் பாத்தியோ?" என்பார் மாமி. "பின்னேரம் ஆரும் கொண்டு போகக்கூடிய காருக்குள்ள ஆர் பவுண் போடுவான்?"

ஆனால் போட்டார்கள். ஏனென்றால் யாரும் யாரிடமும் காரைக் கேட்பதில்லை. சங்கத்தில் எல்லோரும் பழகியவர்கள். ஒருவர் தன் கையால் பொருத்திய காரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்தும் முகம் யாருக்கும் இல்லை. அதனால் எஞ்சினுக்குள் கடையில் வாங்கிய விசேட பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பிறகு விதியும் அவற்றை அனுமதிக்கத் தொடங்கியது.

மாமி அதை மாற்ற விரும்பினார். எஞ்சினுக்குள் இருப்பவை அந்தக் காரைச் செய்த தொழிற்சாலையிலிருந்து அந்தக் காருக்கென்றே வந்த சாதாரண பாகங்களாக இருக்க வேண்டும் என்று சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வைக்க ஒரு பிரேரணை எழுதினார். அதை நான்தான் நோர்வேஜிய மொழியில் திருத்திக் கொடுத்தேன். எழுதும்போது கேட்டேன்: "இதுக்கு ஏன் மாமி இவ்வளவு கஷ்டப்படுறியள்? எப்பிடியும் நீங்கள் கடைசியாத்தானே வருவியள்?"

"கடைசியா வாறது பிரச்சினையில்லை பிள்ளை. கிழமை முழுக்க ஆக்களைத் தூக்கிறன், கழுவுறன், திருப்பிப் படுக்க வைக்கிறன். ஒருத்தரையும் தூக்கத் தேவையில்லாத இடம் எனக்கு இது ஒண்டுதான். அங்கையாவது எது என்ர, எது சாமான்ர எண்டு எனக்குத் தெரியோணும்."

இந்தப் பிரேரணையைப் பலமாக எதிர்த்தவர் பெயர் தூரில். வாகனத் திருத்தகம் ஒன்றில் வேலை செய்யும் உயரமான நோர்வேஜியப் பெண். மாமியோடு அதே பிரிவில் ஓடுபவர். தூரில் சொன்னதும் பொய்யில்லை. பழைய கார்களுக்கான அசல் பாகங்களை இப்போது யாரும் செய்வதில்லை. உடைந்த கார்களைப் பிரித்து விற்கும் இடங்களிலும் தீர்ந்துகொண்டே வருகின்றன. கடையில் புதிதாகக் கிடைப்பது மலிவு, உறுதியும் கூட. "சாதாரணம் என்று நீ சொல்வதைத் தேடி நான் சுவீடனுக்குப் போக வேண்டியிருக்கிறது, ஜெசிந்தா" என்று ஒருமுறை கத்தினார். "போகேக்க எனக்கும் ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்று மாமி தமிழிலேயே பதில் சொல்ல, தூரில் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

போன வருட இலையுதிர்காலத்தில், பருவத்தின் கடைசிப் போட்டி. குளிர். மாமி இரவுக் கடமை முடித்து நேராக வந்திருந்தார். கார் வரிசையில் நின்றபோது அதன் சத்தம் வழக்கம்போல இல்லை. நின்ற இடத்தில் விட்டு விட்டு இருமியது.

"இஞ்சேருங்கோ, என்ன இது இருமுது?" என்று மாமி தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினார்.

"தடிமன் பிடிச்சிருக்கு. ஓட ஓடச் சரிவரும்" என்றார் மாமா.

ஓடத் தொடங்கியதும் சரியாகத்தான் வந்தது. நேர்ப்பாதையில் மாமியின் கார் அதுவரை போகாத வேகத்தில் போயிற்று. அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வேலியோரம் போய் நின்றேன். கடைசிச் சுற்றில் மாமி இரண்டாவது, தூரில் முதலாவது. கடைசி வளைவு மண்ணில் இருக்கிறது. தூரிலின் கார் வேகமாக நுழைந்து வெளிப்பக்கமாக வழுக்கியது. மாமி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, உட்பக்கக் கரையை விடாமல், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதைப்போல மெதுவாகத் திருப்பினார். வளைவை விட்டு வெளியே வந்தபோது அவர் முன்னால் இருந்தார்.

மாமி காரை விட்டு இறங்கிச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. கிண்ணம் தந்தார்கள். சிறியது. "இதுக்குள்ள அரைச் சுண்டு அரிசிகூட அளக்கேலாது" என்றார்.

அப்போதுதான் தூரில் வந்தார். கையுறையைக் கழற்றாமலே சொன்னார்: "உன் காரை நான் வாங்குகிறேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல வருடங்களாக அங்கே யாரும் கேட்காத கேள்வி அது. அன்ரன் மாமாவின் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம் ஜெசி, இது எங்கட ராசியான கார்... உரிமம் போனாப் போகட்டும்..." என்று ஏதேதோ சொன்னார். மாமிக்கு ஒரே சந்தோஷம். "விசரே உங்களுக்கு? சட்டம் எண்டாச் சட்டம். நான்தானே இவ்வளவு நாளும் கத்தினது?" காரின் திறப்பை எடுத்துத் தூரிலின் கையில் வைத்தார். "கொண்டு போ. திறந்து பார். உள்ளே எல்லாம் பழைய இரும்புதான்" என்று நோர்வேஜிய மொழியில் பெருமையாகச் சொன்னார்.

சில நாட்கள் கழித்துத் தூரில் புருசெத்துக்கு வந்தார். நான் மாமியின் சமையலறை மேசையில் பிரேரணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாமி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தூரில் ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்த இரும்புத் தண்டை மேசையில் வைத்தார். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கம்ஷாஃப்ட் என்ற பாகம் அது. முனையில் தொழிற்சாலையின் எண் இல்லை. வேறு யாரோ பொறித்த எழுத்துகள் இருந்தன.

"அது இருமியபோதே எனக்குத் தெரிந்தது" என்றார் தூரில். "நிற்கும்போது இருமினால் உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டா எங்களுக்குப் பிரசங்கம் செய்கிறாய் என்று கேட்கத்தான் வந்தேன்." பிறகு மாமியின் முகத்தைப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கியது. "உனக்குத் தெரியாதா?"

மாமி தண்டைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார்.

"நீங்களோ?"

"விதியிலை அனுமதி இருக்கு ஜெசி. களவில்லை."

"நான் அதைக் கேக்கேல்லை."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீர் வேலையிலையும் களைச்சு, அங்கையும் கடைசியா வந்து... ஒருக்கா, ஒரே ஒருக்காச் சிரிக்கட்டும் எண்டுதான் போட்டனான்."

மாமி கைகளைத் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருடைய குரலில் கோபம் இல்லை. "நான் வெண்டது ஒரே ஒரு நாள். அதையும் நீங்கள் ஓடிப்போட்டியள்" என்றார்.

தூரிலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்துகொண்டார். "நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை" என்றார். மாமி அவரை இருத்தி, தட்டில் இடியப்பம் வைத்து, சொதி ஊற்றிக் கொடுத்தார். நால்வரும் சாப்பிட்டோம். தண்டு மேசை நடுவில் கிடந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் மாமி அதைத் தானே சொன்னார். பிரேரணையை வாசிக்க எழுந்தவர், தாளைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் தொடங்கினார்: "நான் வெல்லவில்லை. அன்ரன் வென்றார்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்படியானால் அடுத்த வருடம் பெண்கள் பிரிவில் அன்ரன் ஓடட்டும்!"

மண்டபம் சிரித்தது. மாமியும் சிரித்தார். பிறகு தொடர்ந்தார். "என் கார்தான். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் வென்றேனா என்று கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்?" கிண்ணத்தைத் தூரிலிடம் நீட்டினார். தூரில் வாங்கவில்லை. "விதிப்படி வென்றது நீ" என்றார். கைகள் எண்ணப்பட்டன. போதவில்லை. தூரில் எதிராகத்தான் கை தூக்கினார்.

திரும்பும் வழியில் மாமி சொன்னார்: "களைச்சுப் போனன் பிள்ளை. அடுத்த வருசமும் அதையே வாசிக்கோணும்." கிண்ணம் சமையலறைக்குப் போய்த் தேக்கரண்டி வைக்கும் பாத்திரம் ஆயிற்று.

மாமா வேறொரு பழைய காரைத் தேடிப் பிடித்தார். மாமியின் கண்முன்னாலேயே எல்லாவற்றையும் பொருத்தினார். ஒவ்வொரு பாகத்தையும் போடுமுன் அவரிடம் காட்டினார். அந்தப் பருவத்தில் மாமி வழக்கமான தன் இடத்துக்குத் திரும்பினார். ஆறாவது. சிலவேளை ஐந்தாவது. "களைச்சுப் போனன்" என்று அடிக்கடி சொன்னார். அதை அவர் எப்போதும் சொல்வார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எல்லோரும் சொல்வார்கள். என் அம்மாவும் சொல்வார். அதனால்தானோ என்னவோ, அந்தச் சொல் நோயின் பெயராக மாறியபோது ஒருவருக்கும் கேட்கவில்லை, மாமிக்கும்கூட. வைத்தியசாலைக்குப் போனபோது கோடை முடிந்திருந்தது. இரத்தத்தில் பரவிய நோய் என்றார்கள். நான் விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு போனேன். "அந்தச் சட்டம் இன்னும் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "ஆரும் கேட்டவையோ?" இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்தன்று தூரில் வந்திருந்தார். கறுப்பு உடையில் அவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தேநீர் வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய எண்ணெய்க் கறை அவருடைய கைரேகைகளில் அப்படியே இருந்தது.

"அவளுடைய காரை இந்தப் பருவம் முழுக்க ஓட்டினேன்" என்றார். "அதே தண்டைத் திரும்பப் போட்டு. அது என்ன தரும், என்ன தராது என்று எனக்கு இப்போது தெரியும். நேர்ப்பாதையில் தருகிறது. வளைவில் தராது. மெதுவாகப் போகும்போது எஞ்சின் செத்துப்போகிறது. சாதாரணத் தண்டைவிட மோசம். அந்தக் கடைசி வளைவில் நான் ஒருமுறைகூட அதைச் சரியாகத் திருப்பவில்லை." தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அவள் என்னை முந்தியது அந்த வளைவில். அதைப் பருவம் முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். கேலி செய்துகொண்டே சொல்லலாம் என்று."

எனக்கு அழுகை வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "பிரேரணையை யார் கொண்டுவருவார்கள்? அவள் இல்லாவிட்டால் அது விழுந்துவிடும்."

"நான் சங்கத்தில் சேரலாமா?"

"பதினைந்து ஆகிவிட்டதா? அப்படியானால் உனக்கு வாக்கும் இருக்கிறது." பிறகு சேர்த்துச் சொன்னார்: "நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். ஆனால் அது மேசைக்கு வர வேண்டும்."

இதையெல்லாம் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்குமுன் அன்ரன் மாமாவின் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் கிழித்துவிடுவதாகச் சொல்லித்தான் தொடங்கினேன். தன்னைப் பற்றிய இடம் வந்தபோது மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரில் சொன்ன இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வளைவிலை உதவாதாமோ?"

"ஓம் மாமா. அவ அப்பிடித்தான் சொன்னவ."

"அப்ப நான் போட்டது குறுக்கை நிண்டிருக்கு." சிரித்தார், அது பாதியில் நின்றுவிட்டது. "அதையும் தாண்டித்தான் திருப்பினவ என்ன?"

"தூரில்ர கதைதான் மாமா. மாமி இருந்தா, திறந்து பாக்காமல் சொல்லாத எண்டு சொல்லுவா."

"சொல்லுவா" என்றார் மாமா. கிண்ணத்திலிருந்த தேக்கரண்டிகளை ஒருமுறை தொட்டுச் சரிசெய்தார். அதைக் கழுவி மாமியின் படத்துக்குப் பக்கத்தில் வைப்போமா என்று அம்மா முன்பு கேட்டிருந்தார். மாமா அதை எடுக்கவில்லை. "எழுதினபடி விடு. ஒண்டையும் வெட்டாத" என்றார்.

குளிர்காலத்தில் கூட்டம் வருகிறது. பிரேரணையை நான் வாசிப்பேன். அசல் பாகங்கள் கிடைப்பதில்லை என்று தூரில் சொல்வார், அது உண்மை. எங்களுக்குக் கைகள் போதாமல் போகும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கடுத்த வருடமும் வாசிக்க வேண்டியிருக்கும். அதை நினைக்க இப்போதே களைப்பாக இருக்கிறது.

மாமி, நேர்ப்பாதையில் ஓடியது யார் என்று எனக்குத் தெரியாது. அதை மாமாவுக்கே விட்டுவிடுகிறேன். நான் வேலியோரம் நின்று பார்த்தது கடைசி வளைவை. நீங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள், கரையை விடவில்லை, மெதுவாகத் திருப்பினீர்கள். அது உங்களுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.